காப்பி முடிந்துவிட்டதா? பென்டிரைவை உருவும் முன் ஒரு நிமிடம்

பழைய யூஎஸ்பி 2.0 பென்டிரைவ் ஒன்றில், லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து 2 ஜிபி வீடியோவை ஏற்றினேன். சில நொடிகளில் முடிந்ததாகத் திரை சொன்னது. அந்தக் கிழட்டு டிரைவுக்கு அவ்வளவு வேகம் ஏது என்று அப்போது தோன்றவில்லை. உருவிக்கொண்டு போய் டிவியில் செருகினால் கோப்பின் பெயர் இருக்கிறது, படம் ஓடவில்லை.

முடிந்தது என்ற செய்தியை நம்பியதுதான் தவறு. வீடியோ போய்ச் சேர்ந்த இடம் பென்டிரைவ் அல்ல, கணினியின் ரேம் என்ற தற்காலிக நினைவகம். லினக்ஸ் தரவை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு பின்னணியில் மெதுவாக எழுதும். கொஞ்சமாக இருந்தால் 30 நொடி வரைகூட அப்படியே வைத்திருக்கும். இயல்பான அமைப்பே அதுதான். 'வெளியேற்று' பொத்தானை அழுத்தினால் மிச்சத்தை எழுதிவிட்டுத்தான் விடும். அதுவரை டிரைவின் விளக்கு சிமிட்டுவதைப் பார்க்கலாம். டெர்மினலில் கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு, மிச்சத்தை உடனே எழுதச் சொல்லும் 'சிங்க்' (sync) கட்டளை போதும்.

"விண்டோஸில் அதெல்லாம் தேவையில்லையே?" என்பார்கள். பாதி உண்மை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத வேண்டியதை நிறுத்தி வைக்காத 'விரைவு நீக்கம்' முறை இயல்பானது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் அதுவும் காப்பாற்றாது. பென்டிரைவிலிருந்தே எக்செல் கோப்பைத் திறந்து வேலை பார்ப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் முரண்டு பிடித்தால் திறந்த கோப்புகளை மூடுங்கள். அப்படியும் விடாவிட்டால் கணினியை அணைத்துவிட்டு எடுங்கள். ஸ்லீப்பில் போட்டுவிட்டு எடுப்பது வேறு கதை, அது வேண்டாம்.

ஒரு கோப்பை எழுதும்போது அதன் உள்ளடக்கம், எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை, ஃபோல்டர் பட்டியல் மூன்றும் மாற வேண்டும். நடுவில் பிடுங்கினால் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் பென்டிரைவ்களுக்கு வழக்கமான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் இதைச் சரிக்கட்ட ஜர்னல் என்ற குறிப்பேடு கிடையாது. விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. ஆனால் அது காப்பது டிஸ்கின் கட்டமைப்பை. உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை.

மின்சாரத்தால் டிரைவ் கருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். யூஎஸ்பி பிளக்கில் மின்சாரம் தரும் தகடுகள் தரவுத் தகடுகளைவிட நீளமானவை. உருவும்போது தரவு இணைப்புதான் முதலில் துண்டிக்கப்படும்.

அப்புறம், மறுபடி செருகும்போது செய்யும் தவறு. "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் சரி கொடுத்துவிடாதீர்கள். "ஸ்கேன் செய்து சரிசெய்யவா?" என்றாலும், வேறு பிரதி இல்லாத கோப்புகள் என்றால் படிக்க முடிவதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சரிசெய்யும்போது வீடற்றுப்போன துண்டுகளை விண்டோஸ் சிஎச்கே என்ற பின்னொட்டோடு கொட்டி வைக்கும். அதில் எது எதுவென்று தேடிச் சலித்துப்போகும். மேக்கில் பெரிய எக்ஸ்ஃபேட் டிஸ்க் உடனே கண்ணில் படாது. பின்னணியில் சோதனை ஓடிக்கொண்டிருக்கலாம். வரவில்லையே என்று மறுபடியும் பிடுங்காதீர்கள்.