ஃபிளாஷில் வெளுத்த முகத்தை கிம்ப்பில் சரிசெய்வது

சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம். வீடியோ லைட்டும் ஃபிளாஷும் சேர்ந்து அடித்ததில், வியர்த்த நெற்றியில் பெரிய வெள்ளைத் திட்டு. விபூதி எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பில் அதைச் சரிசெய்த விதம் இது.

முதலில், அந்த இடத்தில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். படத்திலிருந்து நிறத்தை எடுத்துக் காட்டும் கலர் பிக்கரை எடுத்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு திட்டின் மேல் கிளிக் செய்தால் எண்கள் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே 255 என்றால் (சதவீதத்தில் காட்டினால் 100) அங்கே ஒன்றுமில்லை. பிரைட்னஸைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாகும், தோலாகாது. தோல் நிறத்தில் சிவப்புதான் தூக்கல், அதனால் அதுதான் முதலில் 255-இல் போய் முட்டும். திட்டைச் சுற்றி மஞ்சள் ஓரம் தெரிவது இதனால்தான்.

ரா ஃபைல் (கேமரா அப்படியே பதிவுசெய்த மூலக் கோப்பு) இருந்தால் பாதி வேலை மிச்சம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. ரா ஃபைலைத் திருத்தும் இலவச மென்பொருளான டார்க்டேபிளில் திறந்து எக்ஸ்போஷரை இறக்கிப் பாருங்கள். என்னிடம் இருந்ததோ வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்!

சரி, இப்போது நிறம். திட்டுக்குப் பக்கத்தில், மினுங்காத தோலில் கலர் பிக்கரால் நிறம் எடுங்கள். அதன் பிறகுதான் புது லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் மாதிரி) போட வேண்டும். காலி லேயரில் நின்றுகொண்டு எடுத்தால் நிறம் வராமல் போகலாம்; நான் முதலில் விழித்தது இங்கேதான். புது லேயரின் மோடை, அதாவது அடியில் இருக்கும் படத்தோடு அது கலக்கும் விதத்தை, ‘டார்க்கன் ஒன்லி’ ஆக்குங்கள். எடுத்த நிறத்தைவிட வெளுத்த இடங்களில் மட்டும் அது பிடிக்கும், புருவத்தைத் தொடாது.

மெத்தென்ற ஓரமுள்ள பெரிய பிரஷ், ஒபாசிட்டி (நிறம் எவ்வளவு அழுத்தமாக விழும் என்ற சதவீதம்) 10 முதல் 15. ஒரே இழுப்பில் மூடப் பார்க்காதீர்கள், நாலைந்து முறை தடவுங்கள். விபூதியும் வெள்ளைதானே, அதுவும் பழுப்பாகிவிடும். ஜூம் செய்து, அந்த மூன்று கோடுகளை மட்டும் சின்ன எரேசரால் திறந்துவிட்டேன்.

இப்போது நெற்றி மண்பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கும். துளைகளும் சுருக்கமும் வேண்டும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டும் ஹீல் டூல் உதவாது, அடியில் இருக்கும் வெளுப்போடு ஒத்துப்போகவே பார்க்கும். இன்னொரு லேயர் போட்டு, ஓரிடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் டூலில் ‘சாம்பிள் மெர்ஜ்ட்’ (எல்லா லேயரையும் சேர்த்து எடு) டிக் செய்து, ஒபாசிட்டி 30 வைத்து, வெளுக்காத நெற்றிப் பகுதியிலிருந்து எடுத்துப் போடுங்கள். கன்னத்திலிருந்து வேண்டாம், ஷேவ் செய்த தடம் நெற்றியில் வந்து நிற்கும்.

கடைசியாக நிற லேயரின் ஒபாசிட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள். நான் 70-இல் நிறுத்தினேன். மினுமினுப்பு லேசாகத் தெரிகிறது. ஹோமத்துக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு வியர்க்காமல் இருக்குமா?