பூ படத்தோடு அறுந்த ஆர்டர்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு, பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஆர்டர் எடுக்கும் இணையதளம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் விடியும் முன்னே போன். "என்ன தம்பி, மல்லி 5 கிலோன்னு மட்டும் நிக்குது. மொட்டா வேணும், கல்யாணத்துக்குன்னு எழுதினேனேன்னு ஆர்டர் போட்ட ஆளு சத்தம் போடுறாரு."

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். 'மல்லி 5 கிலோ'வோடு குறிப்பு அறுந்து கிடந்தது. அதற்கு அடுத்து ஆர்டர் போட்டவர் ஒரு பூ எமோஜி போட்டிருக்கிறார்! நான் வைத்திருந்த டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 5.6. அதில் எழுத்துகளைச் சேமிக்கும் 'யூடிஎஃப்8' என்ற முறை, எழுத்துக்கு 3 பைட் இடம் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. எமோஜிக்கு 4 வேண்டும். தப்பான டேட்டாவை ஏற்காமல் தடுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இருந்திருந்தால், 1366 என்ற எண்ணுள்ள எரர் காட்டிக் கொடுத்திருக்கும். வேறொரு தொல்லைக்காக அதை அணைத்து வைத்த புண்ணியவான் நான்தான்.

பேக்கப் எடுத்துவிட்டு டேபிளை, 4 பைட் வரை தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4'க்கு மாற்றினால், வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ் முரண்டு பிடித்தது. அதிலிருந்த 255 எழுத்துக்கு முன்பு 765 பைட், இப்போது 1020. இண்டெக்ஸுக்கான வரம்போ 767. இண்டெக்ஸ் நீளத்தை 191 எழுத்தாகக் குறைத்ததும் வழிக்கு வந்தது. அப்படியும் எமோஜி ஏறவில்லை. பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓ கனெக்‌ஷன் வரியில் பழைய 'யூடிஎஃப்8'ே இருந்தது. அதையும் மாற்றி, ஸ்ட்ரிக்ட் மோடையும் போட்டேன்.

அறுந்துபோன பழைய குறிப்புகள் போனது போனதுதான். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டோம். ஒரு வீட்டில் கல்யாணமே முடிந்திருந்தது.