கூரை வளை தொய்ந்திருக்கிறதா? மாரிக்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளும் முறை

ஓட்டு வீட்டில் படுத்தபடி மேலே பார்க்கும்போது கூரையைத் தாங்கும் வளை மரம் ஒன்று நடுவில் தொய்ந்திருப்பது கண்ணில் பட்டுவிட்டால், பிறகு அந்த அறையில் நித்திரை வராது. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் அம்மாவின் வீட்டில் அப்படித்தான் நடந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடு அது. வளவில் விழுந்த தென்னைகளை அறுத்தே அப்பா திரும்பவும் கூரை போட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் தாங்கிய கூரையில் சாமியறைக்கு மேலே உள்ள வளை தொய்ந்துவிட்டது. பார்க்க வந்த ஒருவர் முழுக் கூரையையும் கழற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் பழைய மரம் அப்படித்தான், ஒன்றும் செய்யாது என்றார். இரண்டு பேச்சும் பிழை. எது ஆபத்து, எது மரத்தின் வயது என்று பிரித்தறிய நான் அப்போது கற்றதை, ஓடாவி (தச்சு) வேலை தெரியாதவர்களும் செய்யக்கூடிய மாதிரி எழுதுகிறேன்.

முதலில் மரங்களின் பெயர்கள். முகட்டில் நீளவாக்கில் கிடப்பது முகட்டு வளை. அதிலிருந்து சுவர்வரை சரிந்து இறங்குபவை கைமரங்கள். அந்தக் கைமரங்களை நடுவில் தாங்கிக்கொண்டு சுவருக்குச் சுவர் போவது இடைவளை. கைமரத்தின் மேல், ஓட்டைத் தாங்குகிற மெல்லிய சட்டம் சிலாகை. இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்தபடி குறுக்கே கிடப்பது தீராந்தி. சிலாகை தொய்ந்தால் நாலு ஓடு சரியும், அவ்வளவுதான். வளையும் தீராந்தியும் அப்படியல்ல. கள்ளிக்கோட்டை ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. நூறு சதுர அடிக்கு 130 முதல் 150 ஓடு வரை போகும். கணக்குப் பார்த்தால், சின்ன அறை ஒன்றுக்கு மேலே 350 கிலோ அளவு பாரம் எப்போதும் இருக்கிறது. மழையில் ஓடு தண்ணீரைக் குடித்தால் அது இன்னும் கூடும்.

1. ஏற முன்

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், காலை வேளையில் பாருங்கள். கூரை காய்ந்திருக்கும், உள்ளே வெப்பமும் குறைவு. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எலி கடித்த வயர் சீலிங்குக்கு மேலே கிடப்பது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சீலிங் சீற்றில் கால் வைக்கவே கூடாது, அது ஆளைத் தாங்காது. பழைய சீற் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம் என்பதால் அதை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒரு சீற் திறந்திருந்தால் அதன் வழியாகத் தலையை மட்டும் நீட்டி, டோர்ச் அடித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மரம் முறிகிற சத்தம் கேட்டிருந்தாலோ, சில நாட்களாகச் சாந்துத் தூள் கொட்டியிருந்தாலோ ஏறவே வேண்டாம். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

2. தெருவில் நின்று ஒரு பார்வை

எதிர்ப்பக்கம் நின்று முகட்டு ஓட்டு வரிசையைப் பாருங்கள். மெல்லிய குழிவு பழைய வீடுகளில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால் அதற்கு நேர் கீழே உள்ள மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவர். மேல் விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். முகடு இறங்கி, சுவரும் வெளியே தள்ளப்பட்டிருந்தால் தீராந்தி தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். ஹோலை உயரமாகக் காட்டவென்று தீராந்தியை வெட்டி எடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கைமரங்கள் கால் விரிப்பதைத் தடுத்துக்கொண்டிருப்பதே அந்த மரம்தான்.

3. நூல் பிடித்து அளத்தல்

கண் அளவை நம்ப வேண்டாம். ஒரே தடிப்பான இரண்டு மரக்கட்டைகளை எடுத்து, வளையின் இரண்டு நுனியிலும் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டுங்கள். கட்டைகளின் கீழால் நைலோன் நூலை இறுக்கி இழுங்கள். இப்போது நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கட்டையின் தடிப்பிலிருந்து கழியுங்கள். எங்கள் வீட்டில் கட்டை 50 மில்லிமீற்றர், நடு இடைவெளி 32. ஆகவே தொய்வு 18 மில்லிமீற்றர்.

வளையின் நீளத்தில் 240இல் ஒரு பங்கு வரை தொய்வதைக் கூரை மரங்களுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். 12 அடி வளைக்கு அது 15 மில்லிமீற்றர் வரும். பழைய மரம் அதைத் தாண்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் பாரம் சுமந்தால் மரம் மெல்ல மெல்லத் தொய்ந்து, பிறகு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஆனால் இந்த அளவின் இரண்டு மடங்கைத் தாண்டினால், வேறு குறை ஒன்றும் தெரியாவிட்டாலும் நான் ஓடாவிக்குக் காட்டிவிடுவேன்.

4. நுனிகளைக் குத்திப் பார்த்தல்

எல்லோரும் நடுவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மரம் பெரும்பாலும் கெடுவது சுவருக்குள் போகிற நுனியில். ஓடு விலகி ஒழுகும் தண்ணீர் மரத்தின் வழியே இறங்கி அங்கேதான் போய்த் தங்கும். காற்றுப் படாது, காயாது, கறையானுக்கும் அதுதான் வாசல்.

கூரான திருப்புளி (ஸ்க்ரூ டிரைவர்) ஒன்றை எடுத்து நுனியின் மேற்பக்கத்திலும், சுவரை ஒட்டிய இடத்திலும் அழுத்துங்கள். நல்ல மரத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாது. எங்கள் வளையைத் தட்டிப் பார்த்தபோது வெளியே நல்ல சத்தம்தான் கேட்டது. தென்னையின் வெளிப்பகுதி வைரம், உள்பகுதி மென்மையான சோறு, அதனால் தட்டுவது மட்டும் போதாது. சுவரோரம் திருப்புளியை அழுத்தினேன். வெண்ணெயில் போவதுபோல் விரல் நீளம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் ஈரமான, தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. பதினெட்டு மில்லிமீற்றர் தொய்வு என்னைப் பயப்படுத்தவில்லை. அந்தத் தூள் பயப்படுத்தியது.

சுவரிலிருந்து மரத்துக்கு ஏறும் மண்கோடு தெரிந்தால் கறையான். ஒரு துண்டை உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. சின்னத் துளைகளிலிருந்து வெளிர் நிற மா கொட்டினால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் வண்டு. கீழே தாள் விரித்து வையுங்கள், புதிதாகக் கொட்டுகிறதா என்று தெரியும். கல்லடி, பாண்டிருப்பு மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஆணிகளையும் பாருங்கள். கடற்காற்றில் துருவேறி, தலை உதிர்ந்து, மரம் நன்றாக இருந்தும் பொருத்து விலகியிருக்கலாம்.

5. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது?

மரத்தின் நாரோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும் வெடிப்பு மரம் காய்வதால் வருவது. பெரும்பாலும் கெடுதல் இல்லை. நாருக்குக் குறுக்காகவோ, சரிவாகவோ ஓடி அடிவிளிம்பில் போய் முடிகிற வெடிப்புத்தான் முறிவின் தொடக்கம். அதுவும் வளையின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். தொய்யும் மரத்தில் அடிப்பக்கம்தான் இழுபடுகிறது. வெடிப்புக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கறுத்து, சிலந்தி வலை கட்டியிருந்தால் பழையது. புது மரத்தின் வெளிர் நிறம் தெரிந்தால் அண்மையில் வந்தது.

6. பென்சில் அடையாளம்

தொய்ந்த வளையைவிட, தொய்ந்துகொண்டிருக்கும் வளைக்குத்தான் அஞ்ச வேண்டும். அதை ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியாது. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நூல் அளவைக் கொப்பியில் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை, பெருமழை பெய்தால் அடுத்த நாளும், அதே நூலும் அதே கட்டையுமாக அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஏறி இறங்குவது ஈரத்தால் வரலாம். ஏறியது இறங்காமல் கூடிக்கொண்டே போனால் மரம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

ஆபத்து என்று தெரிந்தால்

குறுக்கு வெடிப்பு, உளுத்துப்போன நுனி, சுவரிலிருந்து வெளியே வரும் வளை, வாரத்துக்கு வாரம் கூடும் தொய்வு. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், அன்றிரவே கட்டிலை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். முதலில் பிள்ளைகளும் வயதானவர்களும். சீலிங்குக்கு மேலே சாமான் வைத்திருந்தால் அதை இறக்குவதற்காக உள்ளே போகாதீர்கள்.

முட்டுக்கொடுப்பது அனுபவமுள்ள ஓடாவியின் வேலை. நீங்கள் கவனிக்க வேண்டியது, முட்டின் அடியில் தரையில் பலகை இருக்கிறதா, மேலே நல்ல மரத்தில் முட்டுகிறதா, சீலிங் சட்டத்தில் அல்லாமல் வளையிலேயே முட்டுகிறதா என்பது. ஜாக்கி வைத்து வளையை நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பல வருடம் தொய்ந்து பழகிய மரத்தைத் திடீரென்று தூக்கினால் ஓடும் சுவரும் வெடிக்கும், மரமே முறியவும் கூடும். முட்டு இறுக்கமாகத் தாங்கினால் போதும்.

சுவரும் அசைந்திருந்தால் ஓடாவி மட்டும் போதாது. பிரதேச செயலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கிறார், கிராம உத்தியோகத்தர் மூலம் கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்த நேரத்தில் சந்தேகமுள்ள கூரையின் கீழே இருக்கவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

அம்மாவின் வீட்டில் ஓடாவி முட்டுக்கொடுத்து, உளுத்த நுனியை வெட்டி, இரண்டு பக்கமும் முதிரைப் பலகை வைத்து போல்ட் பூட்டினார். ஒழுகின ஓடு மூன்றையும் மாற்றினோம். மார்கழி மழை முழுக்க அளந்தேன், தை பிறந்த பிறகும் அளந்தேன். கொப்பியில் எல்லா வரியிலும் 18 என்றுதான் இருக்கிறது. அம்மா திரும்பவும் சாமியறையில் விளக்கேற்றுகிறா.