வலிப்பு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் காதைக் கவனிப்பது எப்படி?

ஆபரேஷன் முடிந்து வந்த என் தம்பி வீட்டில் நன்றாகத்தான் பேசினான். சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனால் மட்டும் "என்ன சொன்னே?" என்று மூன்று தடவை கேட்பான். காது கேட்கிறதா என்று பார்க்கும் ஆடியோகிராம் டெஸ்ட் எடுத்தோம், நார்மல். கவனமில்லாமல் இருக்கிறான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள், பாவம்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்குப் பெரும்பாலும் மூளையில் காதுப் பக்கமாக இருக்கும் டெம்போரல் லோபின் முன்பகுதியையும், அதற்குள்ளே நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸையும் எடுப்பார்கள். சத்தத்தை வாங்கும் முதல் இடமும் அதே லோபில்தான், ஆனால் கொஞ்சம் பின்னால், மேலே. அதைப் பொதுவாகத் தொடமாட்டார்கள். அதுவுமில்லாமல் ஒவ்வொரு காதிலிருந்தும் மூளையின் இரண்டு பக்கத்துக்கும் செய்தி போகிறது, எதிர்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. அதனால் காது கேட்காமல் போவதில்லை, இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் வேலைதான் சிரமமாகலாம். அமைதியான அறையில் 'பீப்' வைத்துப் பார்க்கும் ஆடியோகிராமில் இது தெரியாது.

எனவே ஆபரேஷனுக்கு முன்பே, ஆடியோகிராமோடு இரைச்சலில் பேச்சு கேட்கும் டெஸ்டும் டைகாட்டிக் டெஸ்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். டைகாட்டிக் என்றால், ஹெட்போனில் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு சொல் வரும், கேட்டதைச் சொல்ல வேண்டும். 1961-ல் மான்ட்ரியாலில் உளவியல் ஆய்வாளர் டோரீன் கிமுரா இதை வைத்துத்தான், மூளையில் எடுத்த பக்கத்துக்கு எதிர்க்காது பின்தங்குவதைக் காட்டினார். சொற்கள் தமிழில் இருக்கட்டும், இங்கிலீஷ் சொல் தெரியாததெல்லாம் காதின் கணக்கில் சேர்ந்துவிடும். முன்பே எடுத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும், நாங்கள் எடுக்கவில்லை. வலிப்பு வருவதற்கு முன் மணி அடிப்பது போலவோ ரீங்காரமாகவோ கேட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வலிப்பு கிளம்பும் இடம் கேட்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் தாடை இறுக்கமாக இருக்கும், நெற்றிப்பொட்டுத் தசையை வெட்டித்தானே உள்ளே போகிறார்கள். மலை ஏறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஏற்காடு போனால் இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் காது அடைக்கும், அது எல்லோருக்கும் வருவதுதான், காற்றழுத்தம். எச்சில் விழுங்கினால் விட்டுவிடும், மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, வீட்டில்? தம்பிக்கு எடுத்தது வலது பக்கம், பின்தங்கக்கூடியது இடது காது, அதனால் ஹோட்டலில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறோம். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக. ஐந்து ரோட்டில் ஹார்ன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவன் காதை நம்பமாட்டான், திரும்பிப் பார்த்துத்தான் கடப்பான். வலப்பக்க ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் பாட்டின் மெட்டு பிடிபடாமல் போகலாம், இடப்பக்கமென்றால் சொல் சட்டென்று வராமல் தடுமாறலாம்.

ஒரு காது திடீரென்று சுத்தமாகக் கேட்கவில்லையென்றால் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள்.