கடைக்கு இடம் பார்க்க முதல் வரைபடம் போடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை போட நினைப்பவர்கள் வாடகையை விசாரித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். அந்த வாசலுக்கு எத்தனை பேர் நடந்து வருவார்கள் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காண கியூஜிஐஎஸ் போதும், கணினியில் வரைபடம் போடும் இலவச மென்பொருள். வீதிகளையும் கட்டடங்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து இறக்கலாம்.

தொடங்கும்போதே தரவுகளை ஈபிஎஸ்ஜி 5235 என்ற குறியீட்டுக்கு, அதாவது மீற்றரில் அளக்கும் இலங்கையின் 1999 ஆள்கூற்று முறைக்கு, மாற்றிச் சேமியுங்கள். அகலாங்கு, நெட்டாங்கிலேயே விட்டுவிட்டு, 500 மீற்றர் என்று நினைத்து 500 என அடித்தால் மென்பொருள் அதை 500 பாகையாக எடுக்கும். ஒரு பாகையே ஏறத்தாழ 111 கிலோமீற்றர்.

அடுத்தது வாடிக்கையாளர் எல்லை. கடையை நடுவில் வைத்து 1 கிலோமீற்றர் வட்டம் போடுவதுதான் எல்லோரும் செய்வது. கொழும்பின் கரையோரத்தில் அது பொய்க் கணக்கு. வெள்ளவத்தையின் பிரதான வீதியான காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் அரைக் கிலோமீற்றர்கூட இல்லை, ஆகவே வட்டத்தின் கால்வாசியளவு கடலுக்குள் போய்விடும். கால்வாய்க்கு அப்பால் இருப்பவரும் பாலம் சுற்றித்தான் வரவேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் சேர்த்துக்கொள்ளும் ஓஆர்எஸ் டூல்ஸ் என்ற செருகுநிரலில் நடை நேர எல்லையை வரையுங்கள். மத்தியான வெயிலில் சாப்பிட வருபவருக்கு 5 நிமிடம், அதாவது சுமார் 400 மீற்றர், போதும். வீட்டுக்குப் பார்சல் எடுப்பவருக்கு 10 நிமிடம் வைக்கலாம்.

அந்த எல்லைக்குள் குடிசனத்தைக் கணக்கிட, தொகைமதிப்புத் தரவைக் கிராம சேவகர் பிரிவு எல்லைகளுடன் இணைக்க வேண்டும். பெயரால் இணைக்காதீர்கள், எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு மாதிரி, பாதி வரிசைகள் வெறுமையாக வரும். பிரிவு இலக்கத்தால் இணையுங்கள். 2012 கணக்கெடுப்பைப் பாவித்தால் அதற்குப் பின் எழுந்த அடுக்குமாடிகள் அதில் இல்லை. வீதி வீதியாகப் போய் மாடிகளை எண்ணிச் சேர்க்க வேண்டியதுதான். அலுவலகங்கள் நிறைந்த கொழும்புக் கோட்டையில் சிக்கல் வேறு: அங்கே வசிப்பவர் குறைவு, பகலில் வேலைக்கு வருபவர் ஏராளம். தொகைமதிப்பு அங்கே வசிப்பவரையே காட்டும்.

போட்டிக் கடைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து குயிக்ஓஎஸ்எம் செருகுநிரலால் எடுக்கலாம், ஆனால் சின்னக் கடைகள் பல அதில் விடுபட்டிருக்கும். நேரில் நடந்து குறியுங்கள்.

இனி வீதியில் நின்று எண்ணும் வேலை. இதைத் தவிர்த்தால் மேலே செய்த எல்லாம் ஊகம்தான். ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை. பகல் 12 முதல் 2 வரை, மாலை 5.30 முதல் 7.30 வரை. 15 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். போயா தினத்திலும் பாடசாலை விடுமுறையிலும் எண்ண வேண்டாம். வீதியின் இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பதியுங்கள். காலி வீதியைக் குறுக்கே கடந்து இடியப்பம் வாங்க வருபவர் மிகச் சிலர், எதிர்ப்பக்கக் கூட்டத்தை உங்கள் கணக்கில் சேர்த்தால் ஏமாறுவீர்கள். பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களையும் வேறாக எழுதுங்கள். பஸ்ஸைக் கண்டதும் ஓடுபவர் உட்கார்ந்து சாப்பிடமாட்டார், வடையும் ரோல்ஸும் வாங்கக்கூடும்.

கடைசியாக, நீங்கள் பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளியிடுங்கள். நூற்றுக்கு நிறைகள் இவை: நடை எல்லைக் குடிசனம் 35, வீதி எண்ணிக்கை 35, போட்டி 15, வாகனம் நிறுத்தவும் சாமான் இறக்கவும் வசதி 15. எல்லாவற்றையும் 0 முதல் 1 வரையான அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அதன் நிறையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நிறைகளை 10 கூட்டிக் குறைத்துப் பாருங்கள். முதலிடம் உடனே மாறினால் முன்னணியில் நிற்கும் இரண்டு இடங்களும் சமம், அப்போதுதான் வாடகை தீர்மானிக்கட்டும்.

வெள்ளம் ஏறும் ஒழுங்கை, புகைபோக்கி வைக்க முடியாத கட்டடம், கழிவுநீர் வழியில்லாத பின்புறம்: இவற்றுக்குப் புள்ளியே வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முற்பணம் கொடுக்க முதல், அந்த இடத்தில் சமையலுடன் கடை நடத்த உரிமம் கிடைக்குமா என்று கொழும்பு மாநகர சபையில் கேளுங்கள்.