கற்பித்தல் கொள்கை எழுத ஒரு பிளாஸ்டிக் குடம் போதும்

டிசைன் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு விண்ணப்பித்தால் 'உங்கள் கற்பித்தல் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுக' என்று கேட்பார்கள். உடனே 'படைப்பாற்றலை வளர்ப்பது', 'மாணவரை மையமாகக் கொண்ட கல்வி' என்று ஆரம்பித்துவிடுவோம். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன். அதில் யார் பெயரைப் போட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

அதனால் கொள்கையை விட்டுவிட்டு, வகுப்பில் நீங்கள் அசடு வழிந்த ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள்.

எனக்கு அது தண்டையார்பேட்டையில், ஒரு மாடியறையில் நடத்தும் சாயங்கால வகுப்பில் நடந்தது. பிளாஸ்டிக் குடத்தை நடுவில் வைத்து, 'இதை இன்னும் நல்லா வரைங்க' என்றேன். ஒரு பெண் குடத்தின் வாயை அகலமாக வரைந்திருந்தாள். பொறுக்காமல் பென்சிலை வாங்கி, கழுத்தைச் சிறுக்கவைத்து அழகாக ஒரு வளைவு போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல கை போவாதே, உள்ள பாசி புடிச்சா எப்படி கழுவுறது?" என்றாள். அவள் வீட்டில் லாரித் தண்ணீர். என் வீட்டுக்கு கேன் வந்துவிடும்.

இப்படி ஒரு நாளைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள். அப்புறம், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். மாணவர் தாளில் என் பென்சில் படுவதில்லை, காட்ட வேண்டியது இருந்தால் தனித்தாளில் காட்டுவேன். இன்னொன்று, எந்தப் பொருளையும் புழங்குகிறவர் கையில் பார்த்த பிறகுதான் வரையலாம். அதற்காகக் காலையில் தண்ணீர் லாரி வரும் தெருவுக்கே கூட்டிப்போகிறேன். நிரம்பினால் 15 லிட்டர் கிட்டே பிடிக்கும் அந்தக் குடத்தை யார் தூக்குகிறார்கள், எந்த இடுப்பில் வைக்கிறார்கள், கழுத்தைச் சுற்றிக் கை எப்படி வளைகிறது, மாடிப்படியில் எங்கே தளும்புகிறது, வரிசையில் தன் குடத்தை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களா என்றெல்லாம் நோட்டில் எழுதுவார்கள், படம் அப்புறம்தான்.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பை எடுத்துக்கொண்டு, எவ்வளவு பிடிக்கும், தலையிலா இடுப்பிலா, எப்படி ஊற்றும், எப்படிக் கழுவுவது என்று அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 'எப்படிக் கழுவுவது' அதிலேயே இருக்கிறது, நான்தான் கேட்க மறந்தேன்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் வகுப்பில் அதற்காக என்ன செய்கிறீர்கள் என்று குறியுங்கள். குறிக்க ஒன்றும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். எனக்கு ஒரு பக்கம் ஆறு வரியாகிவிட்டது, சரி, பரவாயில்லை.

கடைசியாக, உங்களிடம் படித்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். பென்சில் வரியைப் பார்த்ததும், "போன வாரம் பேனாவுல திருத்துனீங்களே சார்" என்றாள். அந்த வரியில் பேனாவையும் சேர்த்துவிட்டேன்.