புல்தரை போடும் முன்: மண் லோடில் வரும் கோரையும் வேறு சில தவறுகளும்

போன வாரம் கோவை வடவள்ளிப் பக்கம் ஒரு புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வாசலில் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, புல்லு எப்படிக் கூர்கூரா எழும்பி வருது பாருங்க" என்று அந்த வீட்டுப் பெண் சந்தோஷமாகக் காட்டினார். நான் ஒரு தண்டைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. மூன்று பட்டை கையில் தட்டியது. கோரை. புல் மாதிரியே தெரியும் களை.

15 வருடத்துக்கு முன்னால் என் வீட்டு வாசலில் நானும் இப்படித்தான் நின்று சந்தோஷப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் விட வேண்டும், செங்கல் ஜல்லியைப் பொறுக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தடவிப் பார்த்துப் புல் வாங்குவது

நர்சரியில் கொரியன் புல் ஸ்லாப், அதாவது மண்ணோடு வெட்டி எடுத்த புல் துண்டு, மெத்தை மாதிரி இருக்கும். தடவிய கை அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிடும். பார்க்க அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளர்வது மெதுவாக. பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஓடிய தடம் வழுக்கையானால் மூடி வர மாதக்கணக்கில் ஆகும். வெட்டாமல் விட்டாலோ அங்கங்கே மேடு கட்டி, அடியில் காய்ந்த சருகு சேர்ந்துவிடும்.

குழந்தைகளும் நாயும் புரளும் வாசல் என்றால் என் ஓட்டு அருகம்புல்லுக்கு. மண்ணுக்கு மேலே ஒரு கொடி, கீழே ஒரு கொடி என்று இரண்டு வழியிலும் ஓடும். மேலே மிதித்து நாசமானாலும் கீழிருந்து வந்துவிடும். கோடையில் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும், ஒரு மழைக்குப் பச்சை திரும்பும். கிரிக்கெட் மைதானத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் போடுவது பெரும்பாலும் இதன் மெல்லிய இலை ரகங்களைத்தான். 'அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்திவிட்டு, வாசலில் தானாக வந்ததைக் களை என்று பிடுங்கி எறிந்து, காசு கொடுத்துக் கொரியன் வாங்குகிறோம். ஸ்லாப்கூட வேண்டாம், வேரோடு பிய்த்த துண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். ஒரு தொந்தரவு உண்டு, பூச்செடிப் பாத்திக்குள் நுழைந்துவிடும். ஓரத்தில் செங்கல்லைக் குத்தவைத்துப் புதைத்துவிடுங்கள்.

மரத்தடியில் அருகம்புல்

வராது. அரை நிழல் என்றால் பஃபலோ புல், அடர்ந்த மாமரம் என்றால் ஒரு கல் பெஞ்ச்.

எங்கிருந்தோ வந்த இரண்டு லோடு செம்மண்

இனி என் வயிற்றெரிச்சல். எல்லோரும் புல்லைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள். மண் எங்கே வெட்டியது என்று டிராக்டர்காரரிடம் ஒருவரும் கேட்பதில்லை. விவசாயத் தோட்டத்து மேல்மண், வாய்க்கால் ஓரத்து மண் என்றால் அதில் கோரைக்கிழங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, கொட்டைப்பாக்கை விடச் சின்னது. நசுக்கினால் நல்ல வாசனை வரும். குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதேதான்.

என் வீட்டில் நடந்தது இது. கொட்டி, சமன் செய்து, புல் பதித்து முடித்த மூன்றாம் வாரம் ஈட்டி ஈட்டியாக எழும்பியது. பிடுங்கினேன். தண்டு மட்டும் கையோடு வந்தது, கிழங்கு உள்ளேயே நின்றது, பத்தே நாளில் மறுபடி இலை. கோபத்தில் களைக்கொத்தி எடுத்துக் கொத்தினேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும். கோத்திருக்கும்வரை சில கிழங்குகள் தூங்கும். அறுத்துவிட்டால் துண்டுக்கு ஒன்றாக முளைக்கும். கறுப்பு ஷீட் விரித்தேன், அதையும் குத்திக்கொண்டு வந்தது. காய்கறிக்கு மல்ச்சிங் ஷீட் போட்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமே என்பீர்கள். கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும், உண்மை. ஆனால் பக்கத்தில் இருக்கும் புல்லையும் சேர்த்துக் கொல்லும். போதாததற்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. அன்று என் வீட்டில் கடைசியில், பதித்த புல் மொத்தத்தையும் உரித்து, ஒரு அடி மண்ணை அள்ளி வெளியே கொட்டினேன். புல்லுக்கு ஒரு செலவு, மண்ணுக்கு ஒரு செலவு, எடுத்துப்போக இன்னொரு செலவு.

இப்போது நான் செய்வது இதுதான். லோடு இறக்கும் முன்பே ஒரு பேசின் மண் வாங்கி வந்து, நனைத்து, மூன்று வாரம் வெயிலில் வைப்பேன். ஈட்டி எழும்பினால் அந்த மண் வேண்டாம். கிழங்கு பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்தான் இருக்கும் என்பதால் ஆழத்தில் வெட்டிய மண்ணாகக் கேட்டு வாங்கி, மட்கிய தொழுவுரம் கலந்துகொள்கிறேன். வாசலிலேயே கோரை இருந்தால் பங்குனி, சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட்டுத் தண்ணீர் காட்டாமல் காயவிடுவேன். அந்தக் கிழங்குக்கு ஆகாதது மண் காய்ந்துபோவதுதான். பிறகு நனைத்து, முளைப்பதைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, திரும்பவும் காயவிடுவேன். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், கிரகப்பிரவேசத்துக்குப் பச்சையாக இருக்க வேண்டுமாம்.

வடவள்ளி வீட்டில் "உரிச்சுத்தான் ஆகணுமாங்கண்ணா?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

சித்திரையில் பதிப்பது

ஆடி வரை பொறுங்கள்.

தினமும் தெளிப்பது

தினம் ஐந்து நிமிடம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வேர் பிடித்த பிறகு வாரம் இரண்டு தடவை, விரல் முழுதும் ஈர மண்ணில் இறங்குகிற அளவுக்கு விடுங்கள்.

மொட்டை அடிப்பது

ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மெஷின்காரருக்கு அடுத்த வீட்டு அவசரம் இருக்கும், பிளேடை அடிமட்டத்துக்கு இறக்கி ஒரே இழுப்பில் முடித்துவிட்டுப் போய்விடுவார். முதல் இரண்டு தடவையாவது பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.